தீவுக்குத் தீவு தாவிய மாப்பிள்ளை

அத்தியாயம் ஏழு

ஹார்ன் தீவில் விமானம் தரையைத் தொட்டபோது, மெல்பர்ன் குளிருக்காக மாட்டிய கறுப்புக் கோட்டுக்குள் துப்பறியும் சடகோபன் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தார்.

"கழட்டுங்கோ சேர்," என்றாள் உதவியாளர் தாரகா. மெல்பர்னிலேயே பிறந்து வளர்ந்தும் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம்தான் வரும்.

"துப்பறிகிறவனுக்குக் கோட்டுதான் முகவரி."

"இப்ப உங்களைப் பாத்தா துப்பறியிற ஆள் மாதிரி இல்லை. ஆரோ துப்பறிஞ்சு பிடிச்ச ஆள் மாதிரி இருக்கு."

சடகோபன் கோட்டின் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். அவள் சொல்வதில் பாதிக்குப் பதில் கிடையாது. மீதிப் பாதிக்குப் பதில் ராத்திரி படுக்கும்போதுதான் அவருக்குத் தோன்றும்.

ஆஸ்திரேலியாவின் உச்சந்தலை முடிந்து, கடல் தொடங்கி, இன்னும் கொஞ்சம் போனால் பப்புவா நியூகினி என்கிற இடத்தில் சிதறிக் கிடக்கின்றன டோரஸ் நீரிணைத் தீவுகள். மெல்பர்னிலிருந்து கெய்ர்ன்ஸ், கெய்ர்ன்ஸிலிருந்து ஹார்ன் தீவு, அங்கிருந்து படகேறி வியாழன் தீவு. பேரே அதுதான். இன்றைக்கோ வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை வியாழனுக்குப் போறம்," என்றாள் தாரகா. "வெளிக்கிடேக்கையே ஒரு நாள் லேட்."

லேட்டாகக் கூடாது என்பதுதான் இந்தக் கேஸே.

புதன்கிழமை மெல்பர்னின் கிரான்பர்ன் பகுதியில், மளிகைக் கடை மாடியில் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கு வந்தவள் தனேஸ்வரி. பெருங்காய வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, அழாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்ற வைராக்கியத்தோடு சொன்னாள். மாப்பிள்ளை யுகன், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நல்ல வேலை என்று வியாழன் தீவுக்குப் போய் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அடுத்த மாதம் கேரம் டவுன்ஸ் கோயிலில் கல்யாணம். ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "உண்மையா உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?"

அந்த நொடி திரையில் வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. அணைந்தது. அதற்குப் பிறகு அவனுடைய போன் அடிக்கவே இல்லை.

"ஏதும் விபத்தோ எண்டு, நான் ஆரெண்டு சொல்லாமல் வேலை இடத்துக்கு எடுத்துக் கேட்டனான். சுகமா இருக்கிறாராம், வேலைக்கு வாறாராம், நல்லாச் சாப்பிடுறாராம்." அந்த 'நல்லா'வில்தான் அவள் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்டுதான் தெரியோணும் அங்கிள். விருப்பமோ, இல்லையோ. நேரில போய்ப் பாத்துச் சொல்லுங்கோ."

அவளுடைய அப்பா சபாரத்தினத்துக்கு மூட்டு வலி. மாடிப்படி ஏற முடியாமல், கடை வாசலில் மிளகாய்த் தூள் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கீழேயிருந்தே நிபந்தனையைக் கத்தினார். "வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்குக் கோயிலுக்குப் போவன். அதுக்குள்ள ஒரு கதை வரேல்லையெண்டா மண்டபத்தைத் திருப்பிக் குடுத்துப்போட்டு வருவன்!"

"நீங்களே மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன சார்?" என்று சடகோபன் கைப்பிடியில் குனிந்து கேட்டார்.

சபாரத்தினம் மூட்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர். அவை எல்லோ எடுக்கோணும்! நாங்களா எடுத்தா விழுந்த மாதிரி ஆகிடும்!"

அம்மா கமலேஸ்வரி அதற்குள் ஒரு பெரிய பார்சலோடு படியேறி வந்துவிட்டாள். முறுக்கு, பருத்தித்துறை வடை, பயத்தம் பணியாரம். "அங்க போறியள்தானே, தம்பியிட்டக் குடுத்துவிடுங்கோ."

"அவர் ஓடிப்போயிருந்தா?"

"ஓடினாலும் பசிக்கும்தானே."

நம்மாள் ஒருத்தர் ஓர் ஊருக்குப் புறப்பட்டால் பார்சல் இல்லாமல் விடுவது கிடையாது. போகிறவர் போலீஸாக இருந்தாலும், பெறுகிறவர் திருடனாக இருந்தாலும் முறுக்கு முறுக்குதான்.

ஹார்ன் தீவு விமான நிலைய வாசலில் நின்றவர்களிடம் சடகோபன் விசாரித்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் யுகனா? வியாழன் தீவில், அன்ரி தபீத்தாவின் விடுதி. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்னும் ஒரு விஷயமும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டவர்கள் எல்லாம் தாரகாவைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

ஒரு மணி நேரம் காத்திருந்து ஏறிய படகு நீலப் பச்சைத் தண்ணீரில் குலுங்கிப் போனது. வழியில் எதிர்ப்பக்கமாக இன்னொரு படகு அவர்களைக் கடந்தது. அதன் முனையில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் கையால் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சடகோபன் அவனைப் பார்க்கவில்லை. முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்ரி தபீத்தா பூப்போட்ட உடையில் விடுதி வாசலுக்கே வந்தார். தாரகாவைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் கட்டிப்பிடித்தார். விடவே இல்லை. பிறகு சடகோபனின் கையை மிகுந்த மரியாதையோடு பற்றி, "வாங்க டாட்," என்றார்.

"இஞ்சயும் பெரியாக்களை அன்ரி, அங்கிள் எண்டுதானாம் கூப்பிடுறவை," என்று தாரகா காதில் கிசுகிசுத்தாள். "எங்கட ஆக்கள் மாதிரியே."

"அப்போ நான் ஏன் டாட்?"

"அங்கிளுக்கு மேல ப்ரமோஷனா இருக்கும் சேர்."

யுகனின் அறை திறந்தே கிடந்தது. சடகோபன் வாசலில் நின்று மோப்பம் பிடித்தார். பவுடர் வாசனை. கட்டிலில் மடிப்புக் கலையாத புது விரிப்பு. மின்விசிறியின் இறக்கைகள்கூடத் துடைக்கப்பட்டிருந்தன. இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது. பெட்டி படுக்கை எல்லாம் அப்படியே.

"பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கான். நாம வர்றது தெரிஞ்சுபோச்சு."

"பெட்டியை எடுக்க நேரமில்லை, சேர்ட்டை அயர்ன் பண்ண நேரம் இருந்திருக்கு?"

"புத்திசாலிக் குற்றவாளி கசங்கின சட்டையில ஓடமாட்டான் தாரகா. ஜனங்க திரும்பிப் பார்ப்பாங்க."

"நீங்கள் இருபது வருசமா அப்பிடித்தான் திரியிறியள். ஒருத்தரும் பாக்கேல்லை."

"யுகன் எங்கே?" என்று அன்ரி தபீத்தாவிடம் கேட்டார் சடகோபன்.

"ஐயோ, இப்பதானே விமான நிலையத்துக்கு ஓடினான்!" என்ற அந்தம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் பாதி பதிலைக் கேட்டதும் ஓட்டம் எடுப்பது சடகோபனின் தொழில் வியாதி. "விமான நிலையம்! நாட்டை விட்டே போகிறான்!" என்று அவர் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார்.

"நாட்டுக்குள்ளதான் சேர் போகலாம்," என்று பின்னால் ஓடினாள் தாரகா. "அங்க இருந்து கெய்ர்ன்ஸுக்குத்தான் பிளேன்."

படகுத் துறையில் சீட்டு விற்பவர் சாவகாசமாக யோசித்தார். "வெள்ளைச் சட்டை, டை கட்டினவன்? ஆமா. போறதுக்கு ஒரு சீட்டு வாங்கினான். வர்றதுக்கு மூணு."

"மூணா?"

"மூணு. அப்புறம் எதிர்க் கடையில பொம்பளைங்க போடுற தொப்பி ஒண்ணு. பூ வச்சது."

சடகோபன் மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார். போகும்போது ஒருவன். திரும்பும்போது மூன்று பேர். பூ வைத்த தொப்பி. இஸ்திரி போட்ட சட்டை, டை, புது விரிப்பு.

"தாரகா," என்றார். "இன்னொரு பெண்."

"அப்ப மூண்டாவது ஆள்?" என்றாள் தாரகா.

"கல்யாணம் பண்ணி வைக்கிற பதிவாளர்."

அந்த நேரம் பார்த்துத் தாரகாவின் போன் அடித்தது. தனேஸ்வரி. போனைச் சடகோபன் வாங்கிக் காதில் வைத்தார்.

"அங்கிள், கண்டனீங்களோ? அப்பா வேட்டியை அயர்ன் பண்ணிக் கதிரையில போட்டிட்டார். பின்னேரப் பூசைக்கு வெளிக்கிடப் போறார்." ஒரு நிறுத்தம். "இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் அழமாட்டன்."

அழுதுகொண்டே சொன்னாள்.

சடகோபனுக்கு உண்மையைப் பட்டென்று போட்டு உடைப்பதுதான் நாகரிகம் என்று ஒரு கொள்கை உண்டு. வாயைத் திறந்தார். "அம்மா, மனசைத் திடப்படுத்திக்..."

தாரகா போனைப் பிடுங்கினாள். "தனேஸ், இன்னும் விசாரிச்சுக்கொண்டிருக்கிறம். சேருக்கு வெயில் கூடிப்போச்சு, ஏதோ அலம்பிக் கதைக்கிறார். பிறகு எடுக்கிறன்." வைத்துவிட்டு அவரைப் பார்த்த பார்வையில் வழக்கமான கிண்டல் இல்லை. "சேர், அந்தப் பிள்ளையின்ர கலியாணத்தை ஒரு தொப்பியை வச்சு நிப்பாட்டப் போறியளோ? ஆளைக் கண்ணால காணுங்கோ முதல்ல."

அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் கோபமாகப் படகில் ஏறினார்.

ஹார்ன் தீவில் யுகன் இல்லை. காலையில் அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தவர்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். புதிதாக வந்திருந்த ஒருவர், "டை கட்டினவனா? அங்கிள் நோவாவோட டிங்கியில ஏறி வடக்கே போனான்," என்று ஒரு திசையைக் காட்டினார். அந்தத் திசையில் இருந்த தீவின் பெயரைத் தாரகா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். சடகோபனின் நாக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் பிசகியது. ஆகவே இனி அது சின்னத் தீவு.

"அந்தத் தீவுக் கடையில யுகன் ஃப்ரீசர் திருத்திறவர்," என்றாள் தாரகா. "அங்க வெளியாக்கள் போறதெண்டா முதலே கேட்டு அனுமதி எடுக்கோணும். அவைன்ர வீடெல்லோ. நான் நேற்றே கேட்டு எடுத்திட்டன்."

"நேற்றே எப்படித் தெரியும் அங்கே போவோம்னு?"

"உங்களோட வந்தா எல்லா இடமும் போகவேண்டி வரும் எண்டு தெரியும்."

டிங்கி என்பது ஒரு மோட்டார் வைத்த திறந்த அலுமினியப் படகு. அதில் ஏறி அலையில் போகச் சடகோபன் தயாராக இல்லை. நல்ல காலம், தீவுகளுக்குள் பறக்கும் சின்ன விமானம் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. கெட்ட காலம், அதில் ஏறுகிறவர்களை மூட்டை முடிச்சோடு எடை போடுவார்கள்.

விமானியான பெண் தராசைப் பார்த்தாள். சடகோபனைப் பார்த்தாள். மறுபடி தராசைப் பார்த்தாள்.

"கோட்டு," என்றார் சடகோபன். "கனமான துணி."

"கோட்டைக் கழட்டிட்டு ஏறுங்க."

கழற்றினார். முள் அசைந்ததாகத் தெரியவில்லை. பிரயாணிகள் நாலு பேரும் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்கள்.

"கையில என்ன பை?"

"முறுக்கு."

எதைக் குறைக்கலாம் என்ற ஆலோசனை ஆரம்பித்தது. ஆளைக் குறைக்க முடியாது என்பதால் பார்சலைப் பிரித்தார்கள். விமானிக்கு இரண்டு வடை, பிரயாணிகளுக்கு முறுக்கு, தராசுக்காரருக்குப் பணியாரம். எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்கள். வடையெல்லாம் பையிலிருந்து வயிற்றுக்கு மாறியதே தவிர விமானத்தை விட்டுப் போகவில்லை என்பது சடகோபனுக்கு உறைத்தது. வாயைத் திறந்தால் தன்னை இறக்கிவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தார். எடையைச் சரிக்கட்ட அவரை முன்னால், விமானிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"இரட்டை விமானி," என்றாள் பின்னாலிருந்து தாரகா. "ஒண்டையும் தொடாதேங்கோ."

கீழே கடல் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பாலில் பச்சை கலந்த மாதிரியும் கிடந்தது. நடுவில் ஒரு டிங்கி வெள்ளைக் கோடு கீறிக்கொண்டு எதிர்த்திசையில் போனது. சடகோபன் அதைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடி, சின்ன வயதில் விட்டுப்போன சுலோகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

சின்னத் தீவின் ஓடுபாதை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதைத் தாண்டிக் கடை. கடைக்காரர் அங்கிள் இசாயா கொட்டகைக்கே ஓடி வந்தார். தாரகாவைக் கட்டிப்பிடித்தார். சடகோபனின் கையைப் பிடித்து, "டாட்," என்றார்.

"இங்கேயும் டாட்," என்று முணுமுணுத்தார் சடகோபன்.

கொட்டகை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மேல் பூ வைத்த தொப்பி. மற்றதில் தடித்த மெத்தை.

"வந்தான், பெருக்கினான், காத்திருந்தான். யாரும் வரலைன்னதும் நோவாவைக் கூட்டிக்கிட்டு இப்பதான் ஹார்னுக்குத் திரும்பினான்," என்றார் அங்கிள் இசாயா.

விமானி இறக்கை நிழலிலிருந்து கத்தினாள். "திரும்பி வர்றீங்களா? இன்னைக்கு இதுதான் கடைசி. அப்புறம் திங்கட்கிழமைதான்."

"வாறம்!" என்று தாரகா பாய்ந்தாள். "சேர், ஓடுங்கோ! ஹார்னில பிடிக்கலாம்!"

"கொஞ்சம் உட்காருங்க டாட்," என்று அங்கிள் இசாயா மெத்தை நாற்காலியை நகர்த்தினார். "முழங்காலோட ஏன் ஓடுறீங்க?"

ஓட எடுத்த கால் அப்படியே நின்றது.

"என் முழங்காலுக்கு என்ன?"

"வலியாமே. அதுக்குத்தானே மெத்தை. யுகன் சொன்னான்."

சடகோபன் நாற்காலியைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். கடைசியாகத் தாரகாவைப் பார்த்தார். இந்தக் கேஸில் மூட்டு வலியுள்ள மனிதர் ஒருவர்தான். அவர் இப்போது கிரான்பர்னில் வேட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

"தாரகா."

"சேர், பிளேன்!"

"அந்த இன்னொரு பெண் நீதான்."

தாரகா திரும்பினாள். "சேர், வெயிலுக்கைக் கன நேரம் நிக்காதேங்கோ."

"கேளு. மெல்பர்ன்லேர்ந்து ஒரு தமிழ்ப் பொண்ணும் ஒரு பெரிய உடம்புக்காரரும் யுகனைத் தேடி வந்திருக்காங்க. இந்தச் செய்தி காலையிலயே தீவு பூராப் பரவியாச்சு. அவன் காதுக்கு அது எப்படிப் போயிருக்கும்? தனேஸ்வரி வந்திருக்கா. கூட மாமனார்."

"மாமனார்..." தாரகா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "டாட்!"

"நம்மாள் எவனாவது விருந்தாளி தனியா வரட்டும்னு விட்டிருக்கானா? விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவராட்டா மானம் போயிடும். அதுவும் மாமனாரை! நாம வியாழனுக்கு வந்தோம், அவன் நம்மை வரவேற்க ஹார்னுக்குப் போனான். நாம ஹார்னுக்கு வந்தோம், அவன், தான் வேலை செய்யிற இந்தக் கடைக்கு நாம வந்திருப்போம்னு நினைச்சு இங்கே வந்தான். ஒருத்தன் போக ஒரு சீட்டு, திரும்ப மூணு. அவன் ஓடவே இல்லை தாரகா. காலையிலேர்ந்து நம்மைத் துரத்திக்கிட்டிருக்கான்!"

"அப்ப எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சது..."

"கல்யாணப் பொண்ணுன்னு."

"நான் என்ர அழகுக்கெண்டெல்லோ நினைச்சன்."

விமானி மறுபடி கத்தினாள். சடகோபன் நெஞ்சை நிமிர்த்தினார். இப்படி ஒரு தருணத்துக்காகத்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார்.

"நாம ஏறப்போறதில்லை! இரண்டு பேரும் ஓடினா சந்திக்கவே முடியாது. ஒருத்தராவது நிக்கணும். நாம இங்கேயே உட்காருவோம். ஹார்ன்ல அவனுக்கு நாம இங்கே பறந்து வந்தது தெரியவரும். திரும்பி வருவான். காத்திருப்பதுதான் இந்தக் கேஸின் சாவி!"

விமானி தோளைக் குலுக்கினாள். கதவு மூடியது. விமானம் மணலை வாரி அவர் முகத்தில் அடித்துவிட்டு எழும்பிப் போனது.

அது ஒரு புள்ளியாகும்வரை தாரகா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிக அமைதியாகக் கேட்டாள். "சேர், கடலில போற யுகன் இப்ப இந்தப் பிளேனைக் காணுவார்தானே?"

"காணுவான்."

"நாங்கள் அதுக்குள்ள போறம் எண்டு நினைப்பார்தானே?"

சடகோபன் நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தை உண்மையிலேயே சுகமாக இருந்தது.

"அதைப் பிடிக்க இன்னும் வேகமா ஓடுவார். ஹார்னில நாங்கள் இல்லையெண்டதும் கெய்ர்ன்ஸ் போட்டம் எண்டு நினைப்பார். அங்க சபாரத்தினம் அங்கிள் கோயில் வாசலில செருப்புக் கழட்டுவார். நாங்கள் திங்கட்கிழமை வரைக்கும் முறுக்குச் சாப்பிடுவம். முறுக்கும் இல்லை."

ஹார்ன் கவுண்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சடகோபனுக்குத் தனேஸ்வரியின் குரல் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. பதில் 'ஆமாம்' என்று கையில் வந்துவிட்டது. ஆனால் ஆளைக் கண்ணால் காணாமல் அதைச் சொல்ல இனி அவருக்குத் துணிவில்லை; தன் மேதாவித்தனத்தால் அந்த ஆளையும் நடுக்கடலில் விட்டாயிற்று.

"யுகனைத் திரும்பக் கூப்பிடணுமா?" என்று கேட்டார் அங்கிள் இசாயா.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் கடைக்குள் போய், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ரேடியோவின் குமிழை அமுக்கினார். "நோவா, திரும்பி வா. அவனோட மிசஸ் இங்கே இருக்கா."

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, "சரி."

"இது... இவ்வளவு நேரம் இங்கேயே இருந்ததா?" என்றார் சடகோபன்.

"நீங்க கேட்கலையே டாட். வந்ததிலேர்ந்து பேசிக்கிட்டே இருந்தீங்க."

தாரகா பெரிய மனதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

டிங்கி வந்தது. கரையைத் தொடுவதற்கு முன்பே ஒருத்தன் தண்ணீரில் குதித்தான். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. டை முதுகுப் பக்கம் போயிருந்தது. ஒரு கையில் கழற்றிய சப்பாத்து, மறு கையில் உப்புத் தண்ணீரில் நனைந்து துவண்ட செம்பருத்திக் கொத்து. மணலில் விழுந்து எழுந்து ஓடிவந்தான். வாயெல்லாம் சிரிப்பு.

பக்கத்தில் வந்தான். தாரகாவைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றது. அவன் அவளுடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கொட்டகைக்குள் பார்த்தான். ஓடிப்போய்க் கடைக்குள் தலையை நீட்டிப் பார்த்தான். திரும்பி வந்து, மெத்தையில் உட்கார்ந்திருந்த, தன் மாமனார் அல்லாத மனிதரைப் பார்த்தான்.

"தனேஸ் எங்க?" என்றான்.

திருவிழாவில் அம்மாவின் கையை விட்டுவிட்ட சிறுவன் கேட்கிற மாதிரி இருந்தது.

சடகோபன் தொழிலில் நிறைய முகங்களைப் பார்த்தவர். பிடிபட்டவர்களின் முகம், பொய் சொல்கிறவர்களின் முகம், பில்லைப் பார்த்த வாடிக்கையாளர்களின் முகம். தன் உதவியாளரைக் கண்டதற்காக ஒருத்தன் இப்படி நொறுங்கிப்போய் நின்றதை இப்போதுதான் பார்த்தார். ஒருத்தனுடைய ஏமாற்றத்தைக் கண்டு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இதுதான் முதல் தடவை.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை போனை ஏன் கட் பண்ணினீங்க?"

"நான் எங்க கட் பண்ணினன்? படகில நிண்டு அவவுக்குச் சூரியனைக் காட்டப் போய் போன் கடலுக்கை விழுந்திட்டுது. அவ என்னவோ கேட்டுக்கொண்டிருந்தவ. என்ன கேட்டவ எண்டே விளங்கேல்லை."

"வேற போனில எடுக்கிறதுதானே?" என்றாள் தாரகா.

"நம்பர் ஆருக்குப் பாடம்? எல்லாம் போனுக்குள்ள. வேற ஆளின்ர போனில ஃபேஸ்புக்குக்குப் போனா, ரகசியக் கோட் நம்பர் அனுப்பியிருக்கு, உன்ர போனைப் பார் எண்டுது. போன் கடலுக்கடியில. அந்த நம்பரும் அங்கதான் போகுது. இப்ப ஏதோ ஒரு சுறாதான் என்ர பேரில இருக்கும்."

"ஒரு நம்பரும் ஞாபகம் இல்லையா?"

"அம்மான்ர வீட்டு நம்பர் மட்டும் தெரியும். வவுனியாவுக்கு எடுத்து, தனேஸ் வீட்டுக்குச் சொல்லுங்கோ எண்டு அம்மாட்டச் சொன்னனான்."

"சொல்லேல்லையே?"

யுகன் தலையைக் குனிந்தான். "பொம்பிளை வீட்டுக்காரர்தான் முதல் எடுக்கோணும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாவாம். எனக்கும் நம்பரைத் தரேல்லை."

தாரகா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சடகோபன் தாரகாவின் போனை வாங்கி, எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"யுகன் கிடைச்சிட்டார், அம்மா."

"என்ன சொன்னவர்?" மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் அவருக்கு உதவவில்லை. "நீங்க கேக்கச் சொன்னதை நான் அவர்கிட்ட இன்னும் கேக்கலை. கேக்கப்போறதும் இல்லை. நீங்க வந்திருக்கீங்கன்னு நினைச்சு டை கட்டிக்கிட்டு, காலையிலேர்ந்து தீவு தீவா ஓடியிருக்கார். கிட்ட வந்து பார்த்தா தாரகா. அப்போ அவர் முகம் போன போக்கு இருக்கே... என் உதவியாளருக்கு இவ்வளவு பெரிய அவமானத்தை யாரும் பண்ணினதில்லை."

"ஓம் தனேஸ்," என்று தாரகா எட்டிக் கத்தினாள். "இனிக் கண்ணாடி பாக்கவே மாட்டன்!"

மறுமுனையில் வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "அவரிட்டக் குடுங்கோ."

யுகன் ஈரக் கையை ஈரச் சட்டையில் துடைத்துப் போனை வாங்கினான். "ஏன் நீ வரேல்லை?" என்றான்.

"நீங்கள் கூப்பிட்டனீங்களோ?"

"இப்ப கூப்பிடுறன். வா."

அப்போது போனில் தூரத்தே ஒரு கார்க் கதவு திறந்தது, ஊன்றுகோல் சத்தம் கேட்டது, கோயிலுக்குப் புறப்பட்ட சபாரத்தினத்தின் குரல் போனுக்கு வெளியே வரை கேட்டது.

"ஆர் பிள்ளை அது? அவனோ? நில், நில்! முதல் எடுத்தது ஆர்? அவையோ, நாங்களோ?"

யுகன் தீயைத் தொட்ட மாதிரி போனைத் தள்ளிப் பிடித்தான். தனேஸ்வரி போனை அப்பாவிடமே நீட்டினாள். ஒரு கல்யாணம் முழுக்க அந்தக் கேள்வியின் மேல் வந்து நின்றது.

சடகோபன் மெத்தையை விட்டு எழுந்து, போனை வாங்கினார்.

"சார், வணக்கம். எடுத்தது அவங்களும் இல்லை, நீங்களும் இல்லை. நான்."

கிரான்பர்னில் சபாரத்தினம் இதைப் பல கோணத்திலும் யோசிப்பது தெளிவாகக் கேட்டது. யாரும் விழவில்லை. யாரும் இறங்கிப் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு குண்டு மனிதர், நடுக்கடலில் இருந்து, தானாக எடுத்திருக்கிறார்.

"அப்பச் சரி," என்றார் சபாரத்தினம். "மண்டபம் இருக்கட்டும்."